மஞ்சள் புள்ளிப் பல்லிக்கு விஷம் உண்டா? இராப்பல்லிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

கேள்வி இதுதான்: "ஆங்கிலச் சிறுவர் நாவல் ஒன்றில், மஞ்சள் புள்ளிப் பல்லி கடித்தால் ஆள் பிழைக்கவே முடியாது என்று வருகிறது. மகள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, மத்திய அமெரிக்காவில் அப்படி ஒரு பல்லி நிஜமாகவே இருக்கிறது, இரவில் மட்டும்தான் வெளியே வரும், ஆணே இல்லாமல் குட்டி போடும் என்கிறாள். இதில் எது உண்மை? அது எங்கெல்லாம் இருக்கிறது?"

முதலில் விஷத்தை முடித்துவிடுவோம். மகள் சொல்லும் மத்திய அமெரிக்கப் பல்லியின் பெயர் மஞ்சள் புள்ளி வெப்பமண்டல இராப்பல்லி. அதற்கு விஷம் கிடையாது. பூச்சி, சிலந்தி தின்று வாழும் சாதுவான பிராணி. கையில் பிடித்தால் கடிக்கப் பார்க்கும், அவ்வளவுதான். நாவலாசிரியரின் பல்லி அவருடைய கற்பனை. கதை நடப்பது டெக்சாஸில். நிஜப் பல்லி அமெரிக்க எல்லைக்குள்ளேயே கிடையாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மெக்சிகோவில் உண்மையான விஷப் பல்லி ஒன்று இருக்கிறது, ஹெலோடெர்மா என்று பெயர். அதுவும் கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகளோடுதான் இருக்கும். ஆனால் அது முழங்கை நீளத்துக்குத் தடித்த உருவம். இராப்பல்லி அதன் பக்கத்தில் குஞ்சு மாதிரி.

மகள் சொன்ன மற்ற இரண்டில், "ஆணே இல்லாமல் குட்டி" என்பது பெருமளவு உண்மை. "இரவில் மட்டும்" என்பதுதான் தவறு. பெயர் செய்த வேலை அது.

இந்தப் பல்லிகளின் குடும்பத்துக்கு ஸாண்டுசியிடே என்று பெயர். ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து, ராணுவத்தில் சேர்ந்து, கலிபோர்னியாவின் டெஹோன் கோட்டையில் பணியிலிருந்த யானோஷ் ஸாண்டுஷ் என்பவர் ஓய்வு நேரமெல்லாம் பறவை, பல்லி, பாம்பு என்று பிடித்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் வந்த ஒரு குட்டிப் பல்லிக்கு 1859ல் அந்த நிறுவனத்தின் விலங்கியலாளர் ஸ்பென்சர் பெய்ர்ட் அவர் பெயரையே வைத்து ஸாண்டுசியா விஜிலிஸ் என்றார். விஜிலிஸ் என்றால் விழித்திருப்பது. கண்ணைப் பார்த்து வைத்த பெயராக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் குடும்பத்துப் பல்லிகளுக்கு இமை கிடையாது. பாம்புக்கு இருப்பதுபோலக் கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் மூடியிருக்கும். தூசி படிந்தால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்ளும். நம் வீட்டுச் சுவர்ப்பல்லியும் இதையேதான் செய்யும். அதனால் ஆரம்பத்தில் இரண்டையும் சொந்தக்காரர்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. இல்லை. மரபணுவைப் பார்த்தால் இராப்பல்லிக்கு நெருங்கிய உறவு அரணைகளோடும், ஆப்பிரிக்காவின் முள்வால் பல்லிகளோடும்தான். அரணை கடித்தால் மரணம் என்று நம் ஊரில் விஷமே இல்லாத அரணையின் மேல் பழி போட்டு வைத்திருக்கிறோம். தூரத்துச் சொந்தத்துக்கு நாவலில் அதே பழி.

இந்தக் குடும்பத்தில் இப்போது மூன்று பேரினங்கள் இருக்கின்றன. ஸாண்டுசியா, அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களிலும் வடக்கு மெக்சிகோவிலும். கிரிக்கோசௌரா, கியூபாவில் ஒரே ஓர் இனம். மூன்றாவதுதான் நாம் பேசும் வெப்பமண்டல இராப்பல்லி, லெபிடோஃபைமா. 1851ல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஓகுஸ்த் துமெரில் வைத்த பெயர். கிரேக்கத்தில் செதில், கட்டி என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. தொட்டுப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் என்று புரியும்.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கோஸ்டா ரிக்காவின் கரீபியன் பக்கத்துத் தாழ்நிலக் காடு, லா செல்வா ஆய்வு நிலையம் இருக்கும் மாதிரியான இடம். மழை விட்ட பிறகும் இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். விழுந்து பல வருஷம் ஆன ஒரு மரத்தை நெம்பிப் புரட்டினால், பட்டை கையோடு பிய்ந்து வரும், உள்ளே மரம் ஈரமான புட்டு மாதிரி உதிரும். அந்த உதிரலுக்கு நடுவில் கருப்பும் பழுப்புமாக ஒரு பல்லி அசையாமல் ஒட்டிக் கிடக்கும். மூக்கிலிருந்து வாலின் அடி வரை பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர், வால் தனியாக ஏறக்குறைய அதே நீளம். தலையில் பெரிய வழவழப்பான தகடுகள், ஓடு வேய்ந்ததுபோல. கழுத்துக்குக் கீழே அதற்கு நேர்மாறு: பொடிப்பொடியான செதில்கள், நடுநடுவே வரிசையாகப் புடைத்த பருக்கள். வாலில் வளையம் வளையமாக முள் போன்ற செதில். பக்கவாட்டில் மங்கிய மஞ்சள் புள்ளிகள், உதட்டில் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். வெளிச்சம் பட்டதும் ஒரு விநாடி அப்படியே இருக்கும். அப்புறம் கட்டையின் இன்னொரு பிளவுக்குள் நீர் வடிவதுபோல நுழைந்துவிடும். அவசரப்பட்டுப் பிடித்தால் வால்தான் கையில் மிஞ்சும்.

இரவு விஷயத்துக்கு வருவோம். பகலில் வெளியே யாரும் பார்ப்பதில்லை, அதனால் இரவில் திரிகிறது என்று முடிவு கட்டினார்கள். ஸாண்டுசியா விஜிலிஸ் பல பத்தாண்டுகள் வரை மிக அரிய பல்லி என்றே கருதப்பட்டது. 1890களில் மொஹாவே பாலைவனத்தில் செத்து விழுந்த யூக்கா மரங்களைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அரிதாக இருந்தது பல்லி அல்ல, சரியான இடத்தில் தேடியவர்கள்தான். பாறைப் பிளவுகளில் வாழும் ஸாண்டுசியா ஹென்ஷாவி பற்றி 1974ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அந்தப் பல்லி பகலில்தான் சுறுசுறுப்பு. ஆனால் பாறைப் பிளவுக்கு உள்ளேயே. வெளியே வராமலேயே வெயிலைக் காயும் வித்தை அதற்குத் தெரியும், சூடான பாறைத் தகட்டின் அடிப்பக்கத்தில் உடம்பை ஒட்டிக்கொண்டால் போதும்.

அதனால் என்னைக் கேட்டால் "இராப்பல்லி" என்பதைவிட "இடுக்குப்பல்லி" என்பதே பொருத்தமான பெயர். அழுகிய கட்டைக்குள், பாறைப் பிளவுக்குள், மரத்தின் பலகை வேர்களுக்கு இடையில், குகைச் சுவரில். பிறப்பது, தின்பது, இணைவது, சாவது எல்லாம் அங்கேயே. பரவல், உணவு, குட்டிகளின் எண்ணிக்கை, ஆணில்லாக் கூட்டம் என்று எதை எடுத்தாலும் அந்த இடுக்கில்தான் போய் நிற்கும்.

இடுக்கில் வாழ்வதில் ஒரு சௌகரியம் உண்டு, ஒரு கஷ்டமும் உண்டு. ஈரப்பதம், வெப்பம் இரண்டும் பெரிதாக மாறாது. பருந்து, பாம்பு தொல்லை குறைவு. ஆனால் சாப்பாடு தானாக வந்தால்தான் உண்டு. அதனால் இந்தக் குடும்பம் முழுக்கவே சிக்கனமாக வாழப் பழகியது. அதே எடையுள்ள மற்ற பல்லிகளோடு ஒப்பிட்டால் ஓய்வில் இருக்கும்போது இவை செலவழிக்கும் ஆற்றல் குறைவு. வெயில் காய்ந்து உடம்பைச் சூடேற்றும் ஓணான் மாதிரி அல்ல; குளிர்ந்த உடம்போடு மெதுவாகவே எல்லாம் நடக்கும். கரையான், எறும்பு, வண்டு, பூரான், சிலந்தி என்று இடுக்கு வழியாகப் போகிற எதையும் தின்னும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது லெபிடோஃபைமா ஸ்மித்தி. மெக்சிகோவின் பசிபிக் பக்கத்தில், கெரேரோ மாநிலத்துக் குகை ஒன்றில் வாழும் இதன் கூட்டத்தை 1970களில் கவனித்தவர்கள், வயிற்றில் இருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். பூச்சி அல்ல, அத்திப் பழம். குகைக்கு மேலே நிற்கும் அத்தி மரத்திலிருந்து பழங்கள் உள்ளே விழுகின்றன, பல்லிகள் பொறுக்கித் தின்கின்றன. இரும்பு மனது வேண்டும், அத்தி விழும் வரை இருட்டில் காத்திருக்க! பல்லி என்றால் பூச்சி தின்னும் என்று நினைக்கும் நமக்கு, பழம் தின்று வாழும் குகைப் பல்லி ஒரு நல்ல அதிர்ச்சி.

சரி, குட்டி. கியூபாவின் கிரிக்கோசௌரா மட்டும் முட்டையிடும். மற்ற இராப்பல்லிகள் எல்லாம் குட்டி போடுபவை. வயிற்றுக்குள் முட்டையை வெறுமனே வைத்திருந்து பொரிப்பதோடு நிற்காமல், தாய்க்கும் கருவுக்கும் இடையில் நஞ்சுக்கொடி போன்ற ஓர் இணைப்பே உண்டு. எண்ணிக்கை குறைவு. ஸாண்டுசியா விஜிலிஸ் விரல் நீளம்கூட இல்லாத பல்லி. வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு குட்டி, மூன்று என்றால் அதிகம். அந்த அளவு பல்லிகளில் சில ஒரே வருஷத்தில் வளர்ந்து, முட்டையிட்டு, செத்தும் போய்விடும். இதுவோ இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே இரண்டு மூன்று வருஷம் எடுத்துக்கொள்கிறது. 2011ல் வந்த ஓர் ஆய்வு, ஒரே கட்டைக்கு அடியில் இருக்கும் விஜிலிஸ்கள் பலவும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற குடும்பமாகவே இருப்பதை மரபணு மூலம் காட்டியது. பல்லிகளில் கூட்டுக்குடித்தனம் அபூர்வம். போக வேறு இடம் இல்லாதபோது வீட்டிலேயே இருப்பது இயல்புதானே.

இப்போது முக்கியமான விஷயம். மஞ்சள் புள்ளி இராப்பல்லி மெக்சிகோவின் தெற்கிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் ஆண், பெண் இரண்டுமாக வாழ்கிறது. தெற்கே போகப் போக ஆண்கள் காணாமல் போகின்றன. கோஸ்டா ரிக்கா, பனாமா பக்கம் பெண்கள் மட்டுமே உள்ள கூட்டங்கள். பனாமாவில் அப்படி ஒரு கூட்டத்தைப் பற்றி 1970ல் விரிவான கட்டுரை வந்தது. எத்தனை கட்டைகளைப் புரட்டினாலும் பெண்தான், எல்லாப் பெண்களும் குட்டி போடுகின்றன. கோஸ்டா ரிக்காவின் பசிபிக் பக்கத்தில் வாழும் லெபிடோஃபைமா ரெட்டிகுலாட்டம் என்ற இனமும் இதே வழிதான். ஆணின் விந்து இல்லாமலேயே முட்டை கருவாக வளர்வதைக் கன்னிப்பிறப்பு என்போம்.

கன்னிப்பிறப்பு நமக்குப் புதிதல்ல. நம் வீட்டுப் பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் நெளியும் புழுப்பாம்பு இருக்கிறதே, மண்புழு என்று நினைத்து விட்டுவிடுவோமே, அதில் ஆணே கிடையாது. அத்தனையும் பெண். தொட்டிச் செடிகளோடு கப்பலேறி உலகம் முழுக்கப் பரவி, இராப்பல்லியின் மெக்சிகோ வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு பெண் போய்ச் சேர்ந்தால் போதும் என்பதுதான் இந்த முறையின் பெரிய லாபம்.

ஆனால் இராப்பல்லிக்கும் மற்ற பெண்-மட்டும் ஊர்வனவற்றுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு, இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கப் பாலைவனங்களில் ஓடும் சாட்டைவால் பல்லிகளில் பெண்-மட்டும் இனங்கள் நிறைய. அவை எல்லாம் கலப்பில் பிறந்தவை: இரண்டு வெவ்வேறு இனங்கள் கூடி, அதில் பிறந்த பெண் தன்னைத்தானே நகலெடுக்க ஆரம்பித்து, ஒரு பரம்பரையே உருவாகிவிடும். முதுகெலும்புள்ளவற்றில் இயற்கையாக நிலைத்த கன்னிப்பிறப்பு என்றால் கலப்பினம்தான் என்பது கிட்டத்தட்ட ஒரு விதியாகவே இருந்தது. லெபிடோஃபைமாவின் டிஎன்ஏவை அலசி 2010ல் வெளியான ஆய்வு அந்த விதியை உடைத்தது. இவற்றில் கலப்பின் தடயம் இல்லை. ஒரே இனத்துக்குள்ளேயே, ஆணோடு வாழ்ந்த பரம்பரையிலிருந்தே ஆணை விட்டுவிட்டு வந்திருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே பிறந்த பழக்கம், வெளியிலிருந்து வந்ததல்ல.

2020ல் இன்னொரு வேடிக்கை. அத்தி தின்னும் அதே ஸ்மித்தியை ஆய்வகத்தில் வளர்த்தவர்கள், பெண்கள் கன்னிப்பிறப்பில் குட்டி போடுவதையும், அப்படிப் பிறந்த குட்டிகளில் ஆண், பெண் இரண்டுமே இருப்பதையும் கண்டார்கள். அதாவது இது முழுக்க ஆணைத் துறந்த இனம் அல்ல. வேண்டும்போது ஆணோடு, வேண்டாதபோது தனியாக. வெளித்தோற்றத்தை வைத்து எந்தக் குட்டிக்குத் தகப்பன் உண்டு, எதற்கு இல்லை என்று சொல்லவே முடியாது. மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏன் இந்தப் பல்லிக்கு இப்படி ஒரு வழி அமைந்தது? இங்கே நான் சொல்வது என் கருத்து. ஒரு கட்டையில் நாலு பல்லி, அடுத்த கட்டை ஐம்பது அடி தள்ளி, நடுவில் பாதுகாப்பில்லாத வெட்டவெளி. துணை தேடிப் போவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியம். அப்படிப்பட்ட பிராணிக்குத் துணை இல்லாமல் சமாளிக்கும் பழக்கம் ஒரு முறை தோன்றிவிட்டால் அது நிலைத்துவிட நல்ல வாய்ப்பு. நஷ்டமும் இல்லாமல் இல்லை. மரபணுக்கள் கலையாத சீட்டுக்கட்டு மாதிரி அப்படியே போகும். புது நோய் ஒன்று வந்தால் எல்லோருக்கும் ஒரே பலவீனம்.

எங்கெல்லாம் இருக்கிறது என்ற கேள்விக்கு: லெபிடோஃபைமாவின் எல்லை வடகிழக்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை. தென் அமெரிக்காவுக்குள் போகவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அதில் பெரும்பாலானவை மெக்சிகோவில். மஞ்சள் புள்ளிப் பல்லி ஒன்றுதான் பெரிய ஊர்சுற்றி. வெராகுரூஸ் தொடங்கி குவாத்தமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா வழியாகப் பனாமா வரை அட்லாண்டிக் பக்கத்து ஈரக்காடுகளில் இருக்கிறது. பசிபிக் பக்கத்தில், தெற்கு மெக்சிகோவிலிருந்து எல் சால்வடார் வரை ஸ்மித்தி. வடக்கே நுவேவோ லியோன், தமவுலிபாஸ் தொடங்கிக் கிழக்கு மலைத்தொடரில் சில்வாட்டிக்கம். தமவுலிபாஸ், சான் லூயிஸ் பொட்டோசி பக்கத்துச் சுண்ணாம்புக் குகைகளில் மைக்ரோஃபோலிஸ்.

மீதிப் பட்டியலைப் படித்தால் ஊர்ப்பெயர்ப் பலகை படிப்பது மாதிரி இருக்கும். டுக்ஸ்ட்லா மலையில் டுக்ஸ்ட்லே, மிச்சோகானில் தராஸ்கே, சியாபாஸில் சிக்கோவாசென்சே, சோங்கோலிக்கா மலையில் 2010ல் பெயர் பெற்ற சோங்கோலிக்கா. ஒவ்வொன்றும் ஒரு மலை, ஒரு பள்ளத்தாக்கு. ஓவாஹாக்கா மாநிலம் ஒன்றில் மட்டும் அரை டஜன் இனங்கள். குயிக்காத்தேக்கா என்ற ஒன்று 2008ல்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. கெரெத்தாரோ, ஹிடால்கோ மாநிலங்களின் சியர்ரா கோர்தா மலைகளில் கேய்ஜியே. இது மற்றவற்றைவிடச் சின்னது, சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் குடியிருப்பது. ஊர்வன ஆய்வாளர் ஹெலன் கேய்ஜின் நினைவாக 1936ல் வைத்த பெயர்.

ஏன் இத்தனை துண்டு துண்டாக? மறுபடியும் இடுக்குதான். பறக்காது, ஓடாது, வெயிலில் போகாது. நடுவில் ஒரு வறண்ட பள்ளத்தாக்கு வந்தால் அதைத் தாண்டும் எண்ணமே இல்லை. மலையின் இரண்டு பக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரே கூட்டம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் இரண்டு இனமாகிவிடும். இதற்கு உச்சகட்ட உதாரணம் கியூபாவின் கிரிக்கோசௌரா டிப்பிக்கா. தீவின் தென்கிழக்கில் கபோ குரூஸ் பக்கத்துச் சுண்ணாம்புக் கற்களுக்கு அடியில், சின்ன ஒரு பகுதியில் மட்டும். இந்தக் குடும்பத்திலேயே முதலில் பிரிந்துபோன கிளை அது.

இதோடு ஒரு பெரிய கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டைனோசர்களை முடித்துவைத்த விண்கல் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்தது மெக்சிகோவின் யுக்கடான் தீபகற்பத்தில், சிக்சுலுப் என்ற இடத்தில். இப்போது இராப்பல்லிகள் வாழும் பகுதிக்குக் கிட்டத்தட்ட நடுவில் என்றே சொல்லலாம். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான ஒரு குழு மரபணுவையும் புதைபடிவங்களையும் வைத்துக் கணக்கிட்டு, இந்தக் குடும்பத்தின் முன்னோர்கள் விண்கல்லுக்கு முன்பே அந்த வட்டாரத்தில் இருந்தவர்கள், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தப்பிப் பிழைத்தவர்கள் என்று 2025ல் எழுதியது. பேரழிவில் பிழைப்பவை நிறையக் குட்டி போட்டு வேகமாகப் பெருகுபவைதான் என்பது பொதுவான எண்ணம். இவையோ ஒன்றிரண்டு குட்டி போடும் சோம்பேறிப் பரம்பரை. எப்படித் தப்பின என்பதற்கு நேரடிச் சாட்சி கிடையாது. ஆனால் பாறைக்குள், மண்ணுக்குள், கொஞ்சம் தின்று நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் உடம்போடு இருந்த ஒரு பிராணிக்கு, வெளியே உலகம் எரிந்தபோது மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்று நினைப்பதில் தப்பில்லை.

விண்கல்லைத் தாண்டியவை கடப்பாரைக்குத் தோற்றுப்போகலாம். ஹென்ஷாவி வாழும் இடங்களில் கிரானைட் பாறையிலிருந்து மெல்லிய தகடுகள் இயற்கையாகப் பெயர்ந்து நிற்கும், அதற்கு அடியில்தான் பல்லி. பிடிக்க வருபவர்கள் தகட்டை நெம்பி உடைத்துவிடுகிறார்கள். உடைந்த தகடு நம் ஆயுளுக்குள் மறுபடி உருவாகாது. காட்டில் கட்டையைப் புரட்டினால் பார்த்துவிட்டு அதே பள்ளத்தில் திரும்ப வைக்கலாம், பாறைத் தகட்டை ஒட்டவைக்க முடியாது. நல்ல செய்தியும் ஒன்று உண்டு. கலிபோர்னியாக் கடலோரத் தீவுகள் மூன்றில் மட்டும் வாழும் ஸாண்டுசியா ரிவர்சியானா 1977ல் அமெரிக்க அரசின் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. தீவில் மேய்ந்து செடிகளை அழித்துவந்த ஆடுகள் போன்ற வெளிப் பிராணிகளை அகற்றிய பிறகு நிலைமை தேறி, 2014ல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

கடைசியாக, மகள் இணையத்தில் தேடியதாகச் சொன்னீர்களே, ஒரு எச்சரிக்கை. அந்த நாவல் படமாக வந்தபோது மஞ்சள் புள்ளிப் பல்லியாக நடித்தவை இராப்பல்லிகளே அல்ல. ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான்களுக்குப் புள்ளி வைத்து நடிக்கவிட்டார்கள். அதனால் படத்தில் கழுத்தைச் சுற்றி முள்ளும், கண்ணுக்கு இமையும் இருந்தால், நம் வேலியில் தலையாட்டும் ஓணானுக்குப் பங்காளி அது. இராப்பல்லி உங்களைப் பார்த்துக் கண் சிமிட்டாது.